ஆர் மென்பொருளின் ‘ஸ்கேல்’: கழித்ததை மறக்காத கருவி

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளைக் கணினியில் ஏற்றினாலே கூடவே வந்துவிடுகிற ஃபங்ஷன் ‘ஸ்கேல்’. தனி பேக்கேஜ் வேண்டாம், காசும் வேண்டாம். செய்கிற வேலை இரண்டே இரண்டு. ஒவ்வொரு மாறியிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்கும். மிஞ்சியதை அதன் திட்டவிலக்கத்தால், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவால், வகுக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கால்குலேட்டரில் போட்டுவிடும். இதற்குப் போய் ஒரு விமர்சனமா என்றால், ஆமாம். ஆய்வு மாணவர்களின் டேட்டாவைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வேளாண்மை, நர்சிங், கல்வியியல், மேனேஜ்மென்ட் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் இந்தக் கழித்தலும் வகுத்தலும் எங்கேயாவது ஓரிடத்தில் வந்தே தீரும். சிலர் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்து எடுத்து வருவார்கள், சிலர் எக்ஸெலில், இப்போது நிறையப் பேர் பைத்தானில். எல்லாவற்றிலும் புழங்கியாகிவிட்டது. இந்தக் கருவிகளை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே கேள்வி: எதைக் கழித்தாய், எதால் வகுத்தாய் என்று அடுத்த மாதம் கேட்டால் பதில் சொல்லுமா?

ஸ்கேல் சொல்லும். விடையோடு சேர்த்து, கழித்த சராசரிகளை ஒரு குறிப்பாகவும் வகுத்த எண்களை இன்னொரு குறிப்பாகவும் ஒட்டிக் கொடுத்துவிடும். திரையில் அச்சிட்டால் எண்களுக்கெல்லாம் அடியில் அவை தெரியும். அளவு எடுத்ததும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிற டெய்லர் மாதிரி. அடுத்த முறை நீங்கள் துணியை மட்டும் கொண்டுபோனால் போதும்.

முதலில் சென்டரிங், அதாவது கழித்தல் மட்டும். இது எதற்கு என்று காட்ட ஆர் உடன் வரும் எம்டிகார்ஸ் டேட்டாவே போதும். மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் 1974 இதழிலிருந்து எடுத்தது, 32 கார்கள். ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்பதை எடையை வைத்துக் கணிக்க ஒரு ரெக்ரஷன், அதாவது டேட்டாவுக்குப் பொருந்தும் ஒரு நேர்கோடு, போட்டால் அந்தக் கோடு தொடங்கும் இடமான இன்டர்செப்ட் 37.29 என்று வரும், எடையின் குணகம் −5.34. எடை ஆயிரம் பவுண்டு கணக்கில் இருக்கிறது. ஆயிரம் பவுண்டு கூடினால் ஐந்தே கால் மைல் குறைகிறது என்பது புரிகிறது. அந்த 37.29 என்ன? எடையே இல்லாத கார் ஓடும் மைலேஜ். எடையிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிட்டு அதே மாடலைப் போட்டால் இன்டர்செப்ட் 20.09 ஆகிவிடும், குணகம் அப்படியே −5.34தான். இப்போது அந்த 20.09க்கு அர்த்தம் இருக்கிறது. சராசரி எடையான சுமார் 3,217 பவுண்டுக் கார், கேலனுக்கு 20 மைல் போகும்.

இதைச் செய்யாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கவலையோடுதான் வருவார்கள். “சார், எல்லாம் சிக்னிஃபிகன்ட்டா வந்திருக்கு. ஆனா இன்டர்செப்ட் மைனஸ்ல இருக்கு. மழையே பெய்யலைன்னா விளைச்சல் மைனஸான்னு கைடு கேக்குறாங்க சார்.” கைடு கேட்டது நியாயமான கேள்வி. மாடலும் சரிதான். மழை பூஜ்யமாக இருந்த வருடம் அந்த டேட்டாவிலேயே இல்லை, அவ்வளவுதான் விஷயம். சராசரியைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னால் மைனஸ் போய்விடும், கைடும் சமாதானமாவார்.

சென்டரிங்கின் உண்மையான பலன் தெரிவது இரண்டு மாறிகளைப் பெருக்கி மாடலில் சேர்க்கும்போதுதான். அதே கார் டேட்டாவில் எடை, குதிரைத்திறன், இரண்டின் பெருக்கல் மூன்றையும் போடுங்கள். எடையின் குணகம் −8.22 என்று வரும். ஐயோ, முன்னைவிட இவ்வளவு கூடிவிட்டதா என்று தோன்றும். கூடவில்லை. பெருக்கல் உறுப்பு உள்ளே வந்துவிட்டால் அந்த −8.22 என்பது குதிரைத்திறன் பூஜ்யமாக இருக்கும்போது எடைக்கு உள்ள பாதிப்பு. பூஜ்யம் குதிரைத்திறன் உள்ள காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு மாறியையும் கழித்துவிட்டுப் போட்டால் எடையின் குணகம் −4.13 ஆகும், இது சராசரிக் குதிரைத்திறனான 147 பக்கத்தில் உள்ள காருக்கு. பெருக்கல் உறுப்பின் குணகமோ இரண்டிலும் 0.0278தான், அந்தக் குணகம் எவ்வளவு உறுதியானது என்று காட்டும் டி மதிப்பும் மாறாமல் 3.75. மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் இரண்டிலும் 0.885.

இதை நான் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்டரிங் செய்தால் மல்டிகாலினியாரிட்டி, அதாவது மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கல், தீர்ந்துவிடும் என்று ஆய்வேடுகளில் ஒரு வரி வழிவழியாகக் காப்பியாகிக்கொண்டே வருகிறது. அந்தச் சிக்கலை அளக்கும் விஐஎஃப் எண் சின்னதாகிவிடும், உண்மைதான். ஆனால் கணிப்பு மாறாது, பெருக்கல் உறுப்பின் முக்கியத்துவம் மாறாது, கணிப்புக்கும் உண்மை அளவுக்கும் இடையிலான மிச்சங்கள் மாறாது. நீங்கள் கேட்கிற கேள்விதான் மாறுகிறது. பூஜ்யத்தில் நின்று கேட்டீர்கள், இப்போது சராசரியில் நின்று கேட்கிறீர்கள். அட்டவணையில் விஐஎஃப் பத்துக்குக் கீழே வர வேண்டும் என்பதற்காக மட்டும் சென்டரிங் செய்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. செய்து கொடுத்துவிட்டு, அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறேன்.

அப்புறம் வகுத்தல். எடையையும் குதிரைத்திறனையும் பெருக்காமல் சேர்த்துப் போட்டால் குணகங்கள் −3.88, −0.03. இரண்டாவதைப் பார்த்தால் குதிரைத்திறனுக்கு வேலையே இல்லை போலத் தெரியும். ஒன்று ஆயிரம் பவுண்டுக்கு, மற்றது ஒரே ஒரு குதிரைத்திறனுக்கு; எப்படி ஒப்பிடுவது? ஸ்கேல் செய்த பிறகு −3.79, −2.18. ஒரு திட்டவிலக்கம் எடை கூடினால் 3.8 மைல் குறைகிறது, ஒரு திட்டவிலக்கம் குதிரைத்திறன் கூடினால் 2.2 மைல். இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பல மாறிகளைச் சில கூட்டு மாறிகளாகச் சுருக்கும் பிரின்சிபல் காம்பொனென்ட் ஆய்வில் வகுத்தலை விட்டால் விடையே வேறு. 1973இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் நடந்த கைதுகள் பற்றிய யுஎஸ்அரெஸ்ட்ஸ் டேட்டாவும் ஆர் உடனேயே வருகிறது. கொலை, தாக்குதல், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கான கைதுகள் லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்கில். அதோடு நகர மக்கள்தொகைச் சதவீதம். தாக்குதலின் மாறுபாடு சுமார் 6,945, கொலையுடையது 19. வகுக்காமல் ஓட்டினால் முதல் காம்பொனென்ட்டே மொத்த மாறுபாட்டில் 96.6 சதவீதத்தை விழுங்கிவிடும். அருமையான விடை என்று மகிழ வேண்டாம், அது தாக்குதல் என்ற ஒரே மாறிதான், வேறு பெயரில் வந்திருக்கிறது. வகுத்த பின் முதலாவது 62, இரண்டாவது 24.7 சதவீதம். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆர் தருகிற பிஆர்காம்ப் ஃபங்ஷன் சராசரியைத் தானாகவே கழிக்கும், வகுப்பதை மட்டும் நீங்கள் கேட்டால்தான் செய்யும். ஆருக்கு முன்னோடியான பழைய எஸ் மொழியோடு ஒத்துப்போக இப்படி வைத்திருக்கிறோம், பொதுவாக வகுப்பதே நல்லது என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. நல்லது என்று தெரிந்தால் அதையே இயல்பாக வைக்கலாமே?

சரி, ஸ்கேலின் முரண்டுகளுக்கு வருகிறேன். ஒற்றை மாறியைக் கொடுத்தாலும் அது திருப்பித் தருவது ஒரே ஒரு நெடுவரிசை உள்ள மேட்ரிக்ஸ். அட்டவணையில் அதைச் சேமித்தால் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்பும் ஒன்றும் தொங்கிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் சாதாரண வெக்டரை எதிர்பார்க்கிற பேக்கேஜ் ஏதாவது ஒன்று எங்கோ ஓரிடத்தில் புரியாத எர்ரரைக் கொடுக்கும். வெக்டராக மாற்ற ஒரு சின்ன உறை போட்டால் போதும். மாற்றிய கையோடு அந்தக் குறிப்புகள் காணாமல் போகும். எதற்காக இந்தக் கருவியைப் புகழ்ந்தேனோ அதுவே போய்விடுகிறது.

இரண்டாவது முரண்டு இன்னும் வினோதம். கழிக்க வேண்டாம், வகுத்தால் மட்டும் போதும் என்று சொன்னால் ஸ்கேல் திட்டவிலக்கத்தால் வகுப்பதில்லை. எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. கார்களின் குதிரைத்திறனுக்குத் திட்டவிலக்கம் 68.6, இந்த முறையில் வருவதோ சுமார் 164. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! உதவிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. ஆனால் உதவிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? திட்டவிலக்கத்தால் மட்டும் வகுக்க வேண்டுமென்றால் அந்த எண்களை நீங்களே கணக்கிட்டு உள்ளே கொடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே மதிப்பு உள்ள மாறி இருந்தால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து, எண் இல்லை என்ற அடையாளத்தை நெடுவரிசை முழுக்க நிரப்பிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. காலியான இடங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுக்கும், காலியாகவே திருப்பித் தரும். அது சரியான நடத்தை.

இனி, இந்தக் கருவியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கான காரணம். இதை டேட்டாவில் தனியாகச் செய்யாமல், ரெக்ரஷன் ஃபார்முலாவுக்கு உள்ளேயே எழுதுங்கள். மைலேஜ், அதன் எதிரே ஸ்கேல் செய்த எடை. மாடல் தயாரானதும் 3,000 பவுண்டு எடையுள்ள ஒரு புதுக் காருக்குக் கணிப்பு கேளுங்கள். அந்த ஒரு காரை மட்டும் எடுத்து அதற்குச் சராசரி கண்டுபிடிக்கிற முட்டாள்தனத்தை ஆர் செய்யாது. அப்படிச் செய்தால் சராசரி அந்தக் காரேதான், வித்தியாசம் பூஜ்யம், விடை குப்பை. மாறாக, 32 கார்களிலிருந்து எடுத்து வைத்த சராசரியையும் திட்டவிலக்கத்தையும் குறிப்பிலிருந்து எடுத்து, புதுக் காருக்கும் அதையே போட்டு, 21.25 மைல் என்று சரியாகச் சொல்லும். இதற்காக ஆர் உள்ளே தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது, வெளியே தெரியாது. ஒரே நிபந்தனை, ஃபார்முலாவுக்குள் ஸ்கேல்தான் வெளி உறையாக இருக்க வேண்டும். அதன்மேல் வெக்டராக மாற்றும் உறையைப் போட்டால் இந்த வித்தை வேலை செய்யாது.

பைத்தானில் மாடல் போட உதவும் சைகிட்-லேர்ன் பேக்கேஜில் இதற்கு நேரான போட்டியாளர் ஸ்டாண்டர்ட்ஸ்கேலர். நேர்மையாகச் சொன்னால், ஞாபகம் என்ற என் கேள்விக்கு இது ஸ்கேலைவிடத் தெளிவாகவே பதில் சொல்கிறது. கற்பது ஒரு படி, மாற்றுவது இன்னொரு படி என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பயிற்சி டேட்டாவில் சராசரியைக் கற்கச் சொல்லிவிட்டு, சோதனை டேட்டாவை அதே சராசரியால் மாற்றலாம். மொத்த டேட்டாவையும் முதலிலேயே ஸ்கேல் செய்துவிட்டு அப்புறம் இரண்டாகப் பிரிப்பவர்கள் ஏராளம். சோதனைப் பகுதியின் தகவல் பயிற்சிக்குள் கசிந்துவிடும். படிகளை வரிசையாகக் கோக்கும் பைப்லைனுக்குள் வைத்துவிட்டால் இந்தக் கசிவுக்கு இடமில்லை. மாறாத மாறி வந்தாலும் ஒன்றால் வகுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடும். பழைய அலகுக்குத் திரும்ப வழியும் உண்டு. ஆர் அடிப்படையில் அதற்கென்று ஒரு ஃபங்ஷன் கிடையாது, நாமே பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இரண்டிலும் ஒரே டேட்டாவைப் போட்டுப் பார்த்து விடை ஒத்துவரவில்லை என்று திகைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேல் திட்டவிலக்கம் எடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறது. ஸ்டாண்டர்ட்ஸ்கேலர் முழு எண்ணிக்கையால் வகுக்கிறது. 32 கார்களில் குதிரைத்திறனுக்கு ஒன்றில் 68.56, மற்றதில் 67.48. பைத்தானுக்குள்ளேயே பாண்டாஸ் என்ற பேக்கேஜ் ஒரு மாதிரி, நம்பை என்ற பேக்கேஜ் இன்னொரு மாதிரி. டேட்டா பெரிதாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இருபது, முப்பது பேரை வைத்துச் செய்கிற ஆய்வில் இரண்டாவது தசமத்தில் தலைகாட்டும், எக்ஸாமினர் கையில் கால்குலேட்டர் இருந்தால் கேட்பார்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் டிஸ்கிரிப்டிவ்ஸ் பெட்டிக்குள் ஒரு டிக் அடித்தால் இசட் என்ற எழுத்து முன்னால் சேர்ந்த புது மாறி வந்துவிடும். எளிதோ எளிது. கம்ப்யூட்டரே பழகாத நர்சிங் மாணவிக்குக்கூட இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். என் கேள்விக்கு மட்டும் பதில் வராது. அந்தப் புது மாறிக்குத் தான் எங்கிருந்து வந்தேன் என்று தெரியாது. பின்னால் பத்து பேரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பழைய எண்களோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். செய்த கட்டளைகளின் பதிவான சிண்டாக்ஸைச் சேமித்து வைத்திருந்தால் பிழைத்தோம். இன்னொன்று, ரெக்ரஷன் அட்டவணையில் கேட்காமலேயே வருகிற பீட்டா, அதாவது ஸ்கேல் செய்த குணகம். பெருக்கல் உறுப்பு இருக்கிற மாடலில் அந்த உறுப்பின் பீட்டாவை நம்ப வேண்டாம். அது பெருக்கிய பிறகு ஸ்கேல் செய்தது. நமக்கு வேண்டியது ஸ்கேல் செய்த பிறகு பெருக்கியது. இரண்டும் ஒன்றல்ல.

எக்ஸெலில் ஸ்டாண்டர்டைஸ் என்று ஃபார்முலா இருக்கிறது. எண், சராசரி, திட்டவிலக்கம் மூன்றையும் நாமே தர வேண்டும். செல் முகவரி நகராமல் நிறுத்தும் டாலர் குறி போட மறந்து கீழே இழுத்தால் முடிந்தது கதை. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நமக்குச் சொல்லாமலே கழித்து வகுக்கிற பேக்கேஜ்களும் உண்டு. ஆரின் ஜிஎல்எம்நெட் அப்படித்தான். இயல்பாகவே உள்ளே ஸ்கேல் செய்து, முக்கியமில்லாத மாறிகளை விலக்கிவிடும் லாசோ முறையைப் போட்டு, குணகங்களைப் பழைய அலகுக்கே மாற்றித் தந்துவிடும். சைகிட்-லேர்னின் லாசோ தானாக எதையும் ஸ்கேல் செய்யாது. இரண்டிலும் வேறு வேறு மாறிகள் தேர்வாகிறதே என்று கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டேட்டாவைப் பார்க்கும் முன்பே உள்ள ஊகத்தையும் கணக்கில் சேர்க்கும் பேய்ஸியன் மாடல்களுக்கான பிஆர்எம்எஸ் இன்னும் நுட்பமாகச் செய்கிறது. மாறிகளை உள்ளுக்குள் கழித்துக்கொள்வதால், இன்டர்செப்ட்டுக்கு நீங்கள் கொடுக்கிற முன்னனுமானம் கழித்த பிறகு உள்ள இன்டர்செப்ட்டுக்குப் போய்விடும். எடையே இல்லாத காருக்கு என்று நினைத்து ஒரு எண்ணைக் கொடுத்தால் அது சராசரிக் காருக்குப் பொருந்தும். கணக்கு வேகமாக ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடுதான். குழுக்களாகப் பிரிந்த டேட்டாவுக்கு மாடல் போடும் எல்எம்இ4 கொஞ்சம் வெளிப்படை. மாறிகளின் அளவுகள் ரொம்ப வித்தியாசமாக இருக்கின்றன, மாற்றி அளவிடுங்கள் என்று எச்சரித்துவிட்டு நம் கையில் விட்டுவிடும். எனக்கு இந்தக் குணம் பிடிக்கும்.

ஸ்கேலால் முடியாதவையும் இருக்கின்றன. பள்ளிவாரியாக, வார்டுவாரியாக, அந்தந்தக் குழுவின் சராசரியைக் கழிக்க வேண்டுமென்றால் இது உதவாது. மொத்தச் சராசரியைக் கழித்தால் பள்ளிக்குள் இருக்கிற வித்தியாசமும் பள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசமும் ஒன்றாகவே கலந்து கிடக்கும். அதற்கு ஆர் தருகிற ‘ஏவ்’ என்ற இன்னொரு குட்டி ஃபங்ஷனைப் போய்ப் பிடிக்க வேண்டும். ஆண், பெண் மாதிரி இரண்டே மதிப்புள்ள மாறியைக் கொடுத்தாலும் ஸ்கேல் கேள்வி கேட்காமல் வகுத்துத் தரும். பாலினம் ஒரு திட்டவிலக்கம் கூடினால் என்று எழுதிக்கொண்டு வருவார்கள், படிக்கவே சங்கடமாக இருக்கும். புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2008இல் இதற்கு ஒரு வழி சொன்னார். எண் மாறிகளை ஒரு திட்டவிலக்கத்தால் அல்ல, இரண்டு திட்டவிலக்கத்தால் வகுங்கள், இரண்டு மதிப்பு மாறியை வகுக்காமல் விடுங்கள் என்று. பாதிக்குப் பாதி பிரிந்த மாறியின் திட்டவிலக்கம் 0.5, அதன் இரட்டிப்பு 1, அதனால் இரண்டு வகைக் குணகங்களும் ஏறக்குறைய ஒரே தராசில் வந்துவிடும். ஆரின் ஏஆர்எம் பேக்கேஜில் இது இருக்கிறது. நம் ஊர் ஆய்வேடுகளில் அதிகம் பார்த்ததில்லை, பார்த்தால் சந்தோஷப்படுவேன்.

கழிப்பது சராசரியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்கேல் பிடிவாதம் பிடிக்காது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதைக் கழிக்கும். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. எல்எம்இ4 உடன் வரும் தூக்க ஆய்வு டேட்டாவைப் பாருங்கள். 18 பேர், தூக்கம் குறையக் குறைய அவர்களின் எதிர்வினை நேரம் எப்படி நீள்கிறது என்று 0 முதல் 9ஆம் நாள் வரை அளந்தது. வழக்கமான மாடலில் இன்டர்செப்ட் 251 மில்லிசெகண்ட், நாளுக்கு 10.5 கூடுகிறது. பூஜ்யம் நாள் என்பதுதான் ஆரம்பம், அப்படியே விடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த டேட்டாவின் விளக்கப் பக்கத்தின்படி முதல் இரண்டு நாள் பழகுவதற்கு, 2ஆம் நாள்தான் அடிப்படை அளவு, அதற்குப் பிறகே தூக்கத்தைக் குறைத்தார்கள். சராசரி நாளான 4.5ஐக் கழித்தால் அதற்கும் ஓர் அர்த்தமும் இல்லை. முதல் இரண்டு நாளை நீக்கிவிட்டு 2ஐக் கழியுங்கள், இன்டர்செப்ட் தூக்கம் குறைவதற்கு முந்தைய அளவாகிவிடும். எது பூஜ்யம் என்று முடிவு செய்ய வேண்டியது ஆய்வாளர். ஸ்கேல் கேட்டதைக் கழித்துக் கொடுக்கும், கழித்தது என்ன என்று எழுதியும் வைக்கும்.

மேட்ரிக்ஸ் தொல்லைக்கும், கழிக்காமல் வகுக்கச் சொன்னால் செய்கிற அந்த வேலைக்கும், பழைய அலகுக்குத் திரும்ப வழி வைக்காததற்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நான்கு. முதல் முறை புள்ளியியல் மாடல் போடுகிறவர்கள் தாராளமாக இதிலிருந்தே தொடங்கலாம். கணிப்பு வேலைக்காக டேட்டாவைப் பயிற்சி, சோதனை என்று பிரிக்கப் போகிறவர்கள் ஸ்டாண்டர்ட்ஸ்கேலரையும் பைப்லைனையும் பிடித்துக்கொள்ளுங்கள்.